சிவப்பு அம்பு ஒட்டிய சட்டை

ஜூலை 6, ஞாயிறு

அப்பா மாலை பஸ்ஸில் கிளம்பிவிட்டார். வேலை நிலைக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தெருவில் யாராவது கேட்டால் சென்னையில் ட்ரெயினிங் என்று சொல்ல வேண்டும். பள்ளியிலும் அதேதான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு வராது. அதனால் இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு.

அப்பா பெயர் குழந்தைவேல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தார். தைத்து முடித்த சட்டை எதுவும் அவருடைய செக்கிங் மேசைகளைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. குழந்தைவேல் ஓகே சொன்ன சரக்கை வெளிநாட்டுக்காரன் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான் என்பார்கள். பிப்ரவரியில் ஆர்டர் இல்லையென்று கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் பிறகுதான், தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துத் தொடர்பில் சேர்த்துக்கொள்கிற அந்தத் தளத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் தொடங்கினோம். ஸ்டுடியோவில் வாங்கிப் போட்ட கோட்டும் டையுமாக அப்பா படம் எடுத்துக்கொண்டார். அம்மா அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் ‘கோட்டு ஆப்பு’. ஆங்கிலம் எல்லாம் நான் எழுதியது.

முதலில் தெரிந்தவர்களின் அழைப்பை மட்டும்தான் அப்பா ஏற்றார். “தொட்டுப் பாக்காத பீஸை எப்படிக் கண்ணு ஓகே பண்றது?” என்பார். இங்கே அப்படியெல்லாம் பார்க்கக்கூடாது, தொடர்பு பெருகினால்தான் வேலை வரும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். தாய்லாந்தில் ஒரு கார்மென்ட் கம்பெனியின் ஹெச்.ஆர். என்று கெவின் என்பவர் அழைத்தது ஏப்ரலில். அந்த அழைப்பை ஏற்றது யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அப்பாவின் பெட்டி கறுப்பு. ஏர்போர்ட்டில் எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தான் இருக்குமாம். அலமாரியில் அப்பா எப்போதோ கொண்டுவந்து போட்ட ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. சின்னச் சின்ன சிவப்பு அம்புகள். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டுவது போலச் செக்கிங்கில் ஒட்டுவார்கள். அடையாளத்துக்காகப் பெட்டியின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை ஒட்டினேன்.

“ஏஞ்சாமி, என்னையவே ரிஜெக்ட் பண்ணிட்டயா?” என்று அப்பா சிரித்தார். “இது ஒட்டுன பீஸு பொட்டிக்குள்ள போகாது. ஊர் தாண்டாது, பாத்துக்க.”

“கெளம்பற நேரத்துல பேச்சைப் பாரு” என்று அம்மா திட்டினாள். ஆனால் யாரும் பிய்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இறங்கிவிட்டேன், கார் வந்திருக்கிறது என்று ஒரு செய்தி. அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

போன் இல்லை. நாங்கள் அழைத்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. புது நாடு, சிம் மாற்றியிருப்பார் என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறாள். இன்று குழாயில் தண்ணீர் வரும் முறை. குடங்களை நிரப்பிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். வேதியியல் டெஸ்ட் பரவாயில்லை.

அம்மா போனில் எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கிப் பார்த்தேன். அந்தத் தளத்தில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ‘அப்பா?’ என்று செய்தி போட்டேன். புள்ளி அணைந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா படம் போட்டிருக்கிறார். ஏதோ அலுவலக வாசலில் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். கீழே ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது பெரும் பேறு, திறமையான நண்பர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம், என்னைத் தொடர்புகொள்ளுங்கள் என்று. நல்ல ஆங்கிலம். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு லீவ் லெட்டரே நான்தான் எழுதிக்கொடுப்பேன்.

கீழே வரிசையாக வாழ்த்துகள். பெருமையாக இருக்கிறது சார். உங்களுக்குத் தகும் சார். படத்தை அம்மாவிடம் காட்டினேன். “எளச்சுட்டாரு” என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியற்காலை போன் வந்தது. அம்மா எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். முறையில்லாத நாள், குழாயில் காற்றுதான் வந்தது. அதனால் எனக்குக் கேட்டது. “மூணா?” என்றாள். கொஞ்சம் கழித்து, “மூணு பேருமா?” என்றாள். அப்புறம் அழுதாள்.

“யாரும்மா? அப்பாவா? என்ன மூணு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. கடைக்குப் போயி வாழைக்காய் மூணு வாங்கிட்டு வா.”

வாங்கிவந்தேன். மூன்றும் அப்படியே கிடக்கின்றன.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா பக்கத்தின் பாஸ்வேர்டு என் பெயர்தான். அதை யாரும் மாற்றவில்லை. உள்ளே போய் அப்பாவின் செய்திகளைப் படித்தேன். நிறைய இருந்தன. அப்பாவின் தொடர்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போயிருக்கிறது. நல்ல இடம், நல்ல சாப்பாடு, என்னை நம்பி வாருங்கள். சிலது தமிழில். ‘என்னை நம்பி’ என்பது எல்லாவற்றிலும் இருந்தது.

அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அங்க பனியனும் இல்ல, மிசினும் இல்ல. ஆத்தைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். பூராக் கம்ப்யூட்டரு. அதுல ஊர்ப்பட்ட சனத்தை ஏமாத்தோணுமாம். உங்கப்பனுக்கு இங்கிலீசு வரலை. அதனால ஆளு புடிச்சுக் குடுங்கறாங்க. மூணு பேரு போய்ச் சேந்தா விட்டுருவாங்களாம்.”

“போலீசுக்குப் போலாம்மா.”

“போனம்னு தெரிஞ்சா வேற எடத்துக்கு மாத்திருவாங்களாம். அப்புறம் போனும் வராது, ஒண்ணும் வராது.” என் கையைப் பிடித்தாள். வலித்தது. “நீ வாயத் தெறக்கமாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கரூர்க்காரர் ஒருவர், பிரிண்டிங் மாஸ்டர். நாளைக்கு ஃப்ளைட் சார், உங்களால்தான் எல்லாம் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். அவருடைய படத்தில் பின்னால் ஒரு சைக்கிளும் துளசிச் செடியும் இருக்கின்றன. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னதும் கை நின்றது. “ஒண்ணு” என்றாள். மறுபடி களைந்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து ஒருவர். அம்மா “ரெண்டு” என்றாள். மதியம் அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்துத் தேய்த்து அடுக்கினாள். வீடு முழுக்கச் சூடான துணி வாசம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

லோகு அண்ணன் வந்தார்.

அப்பாவிடம் செக்கராக வேலை பழகி, சூப்பர்வைசர் ஆனவர். இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி சிந்து அக்காவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். இப்போது ஒரு சின்ன யூனிட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

“ஏனுங்க்கா, அண்ணன் தாய்லாந்துல இருக்கறதை எங்கிட்டக்கூடச் சொல்லாம மறைச்சுட்டீங்களே. சென்னைன்னு சொன்னீங்க. சென்னைல ஏனுங்க்கா அவ்ளோ பெரிய பூந்தொட்டி?” என்று போனில் ஒரு படத்தைக் காட்டிச் சிரித்தார். “என்னையும் வரச்சொல்லிட்டாரு. டிக்கெட்டு அவிங்களே போடறாங்களாம். அண்ணன் சொன்னா எனக்குச் செக்கிங் எதுக்கு? நாலு வருசம் அவரு கண்ணுலதான் நான் துணி பாத்தேன்.”

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வேண்டாம்’ என்பாள் என்று நினைத்தேன்.

“போய்ட்டு வாங்க லோகு. அவரு இருக்காரல்ல” என்றாள்.

லோகு அண்ணன் என் தலையில் தட்டினார். “என்னம்மணி, ஊமையாயிட்ட? உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? சாக்லேட் வயசு தாண்டியாச்சு. ஒரு நல்ல பேனா?”

அவர் காட்டிய படத்தில் அப்பா ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். புதுப் படம். சட்டைப் பையில் ஏதோ சிவப்பாக இருந்தது. பேனா மூடி என்று நினைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பேனா மூடி இல்லை.

அம்மா தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டைப் பையின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. பெட்டியில் நான் ஒட்டியது. நகத்தால் கிளப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒரு முனை மடங்கியிருக்கிறது. அம்பு மேல்நோக்கி, அப்பாவின் முகத்தைக் காட்டுகிறது.

இது ஒட்டுன பீஸு ஊர் தாண்டாது.

படத்தில் அப்பா இடது கையைப் பேன்ட் பைக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. செக்கிங்கில் யாராவது பைக்குள் கை வைத்து நின்றால் திட்டுவார். ஜூலை மாதப் படத்தில் இரண்டு கையும் வெளியே இருந்தன. வேறொன்றும் இல்லை, சும்மா வைத்திருப்பார்.

அம்மா வந்ததும் காட்டினேன். எதற்கு ஒட்டியிருக்கிறார் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

“எனக்குச் சொல்லித் தர்றயா? உங்கப்பனைக் கட்டறதுக்கு முன்னால நானும் செக்கிங் மேசையிலதான் நின்னேன். படம் வந்த அன்னைக்கே பாத்துட்டேன்.”

“பாத்துட்டுமா லோகண்ணனைப் போகச் சொன்ன?”

“பாத்துட்டுத்தான்.”

பிறகு தண்ணீரை வடிகட்டினாள். வடிகட்டும் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலாண்டுத் தேர்வு, ஆங்கிலம். வேலைக்கு விண்ணப்பித்துக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி. அதை மட்டும் எழுதாமல் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா அந்த அம்பை ஒட்டியது லோகு அண்ணனைப் போன்றவர்களுக்காகத்தான். துணி பார்த்த கண்கள் பார்க்கும் என்று நினைத்திருக்கிறார். லோகு அண்ணன் படத்தில் அப்பாவைப் பார்த்தார், பூந்தொட்டியைப் பார்த்தார்.

நான் சொன்னால் அப்பா வரமாட்டார். சொல்லாவிட்டால் லோகு அண்ணன் வரமாட்டார். சிந்து அக்காவின் குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. நேற்று கோயிலில் அதை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பு தேடினாள். சின்னக் கழுத்து. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

அப்பாவே வேண்டாம் என்கிறார். அதை அம்மாவிடம் சொன்னேன். “அவரு அப்படித்தான் சொல்லுவாரு” என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லோகு அண்ணன் சிந்து அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தார். புதுச் சட்டை, நீலக் கட்டம். ராத்திரி பஸ். அம்மா காபி போட்டாள். அப்பாவுக்கு என்று பருப்புப் பொடி டப்பாவைக் கொடுத்தாள். டப்பாவைத் துணியில் சுற்றி, முடிச்சு போட்டு, அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

“அண்ணன் திரும்பி வர்றப்ப நானும் ஒரு எட்டு வந்துட்டுப் போறனுங்க்கா” என்றார் லோகு அண்ணன். “இவதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா.”

“பொய்யி. பத்து சட்டை எடுத்து வெக்கச் சொன்னேன், நாலுதான் எடுத்து வெச்சிருக்காரு. வெளிநாட்டுல தொவைக்க ஆளு இருக்குதாம்” என்றாள் சிந்து அக்கா. கண் சிவந்திருந்தது.

நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து சுருளை எடுத்தேன். ஒன்றைக் கிளப்பினேன். அது என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. கூடத்துக்கு வந்து லோகு அண்ணனின் சட்டைக் காலரில் ஒட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். கை தானாகவே காலரை இழுத்து வெளிச்சத்துக்குக் காட்டியது. “எங்கம்மணி ஃபால்ட்டு? தையல் நல்லாத்தான இருக்குது?”

அம்மாவின் போனை எடுத்து, அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, சட்டைப் பை மட்டும் தெரியும்படி வைத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, யாரோ எடுக்க மறந்தது போல. படத்தை நகர்த்தினார். முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார், பைக்குள் இருந்த கையை. வெகுநேரம் கண் அங்கேயே இருந்தது.

“அக்கா” என்றார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இது எப்ப ஒட்டுனதுங்க?”

அம்மா திரும்பி என்னை அடித்தாள். ஒரே அடி. அப்புறம் அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். கெவின், ஆற்றைத் தாண்டியது, மூன்று பேர் கணக்கு, கரூர்க்காரர், ஈரோட்டுக்காரர். சிந்து அக்கா குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது வீறிட்டு அழுதது.

கிளம்பும்போது காலரில் இருந்ததை எடுக்கப் போனேன். லோகு அண்ணன் என் கையை விலக்கினார்.

“சரி பண்ணாம ஸ்டிக்கரை எடுக்கக்கூடாது. அண்ணன் சொல்லிக் குடுத்தது.”

பருப்புப் பொடி டப்பா நாற்காலியிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். லோகு அண்ணனும் நானும் போனோம். அம்மா வரவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மனு வாங்கியவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அப்பாவின் பக்கத்தைத் திறந்து பார்த்ததும், “நல்லா டிரஸ் பண்ணி, பூந்தொட்டி பக்கத்துல நிக்கறாரு. இவரையா அடைச்சு வெச்சிருக்காங்க?” என்றார். லோகு அண்ணன் அம்பைக் காட்டினார். மனு வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது என்ன கம்பெனி லோகோவா?” என்றார்.

சென்னைக்கு எழுதுகிறோம், அங்கிருந்து டெல்லிக்குப் போகும் என்றார்கள். ஒரு மனு எண் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

அப்பாவின் பக்கத்துக்குள் போக முடியவில்லை. என் பெயரைப் போட்டால் தவறு என்கிறது. நான் தொடங்கிய கணக்கிலும் அந்தப் பக்கம் தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

போன் இல்லை. அம்மா சமைக்கிறாள், போடுகிறாள், பேசுவதில்லை. தேய்த்து அடுக்கிய சட்டைகளின் மேல் ஒரு துண்டை விரித்திருக்கிறாள், தூசி படாமல். நேற்றுப் பக்கத்து வீட்டில் யாரோ “மூணு” என்று கத்தினார்கள், சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது எண்ணுவது. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை.

மதியம் லோகு அண்ணன் வந்தார். அப்பாவின் பக்கத்தில் புதுப் பதிவு வந்திருக்கிறது என்றார். அதே பூந்தொட்டிப் படம், ஆனால் நெஞ்சுக்கு மேலே மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சட்டைப் பை இல்லை. பண்டிகை வாழ்த்துகள், இன்னும் ஆட்கள் தேவை, உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கும் பகிருங்கள். கீழே வாழ்த்துகள் வர ஆரம்பித்திருந்தன. லூதியானாவிலிருந்து ஒருவர் ஆர்வமாக இருக்கிறேன் சார் என்று எழுதியிருந்தார்.

லோகு அண்ணன் தன் காலர் அம்பைப் படம் எடுத்து அதன் கீழே போட்டார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிறகு பழைய கம்பெனிச் செக்கிங்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அப்பா படத்தின் கீழே சிவப்பு அம்புகள் வரிசையாக விழுந்தன. மேசைமேல் ஒட்டியது, ஜன்னல் கம்பியில் ஒட்டியது, ஒரு குழந்தையின் தீபாவளிச் சட்டையில் ஒட்டியது. எனக்குத் தெரியாத பெயர்கள். பெருந்துறை, அவினாசி, பல்லடம். ராத்திரி லூதியானாக்காரர், இது என்ன அடையாளம் என்று கேட்டார். யாரோ ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் சொன்னார்கள். அவர் தன் ஆர்வத்தை அழித்துவிட்டார்.

லோகு அண்ணன் தன் கணக்கை அம்மாவின் போனில் திறந்துவைத்துவிட்டுக் கிளம்பும்போது அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“அந்தச் சுருளை எடு” என்றாள் என்னிடம். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மூன்று அம்புகளைக் கிளப்பி இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். செக்கிங்கில் நின்ற காலத்தில் அப்படித்தான் கையில் தயாராக ஒட்டிவைத்துக்கொள்வாளாம். அப்பா முதன்முதலில் அவளைப் பார்த்தபோது கை முழுக்க அம்பாக இருந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கையை நீட்டினாள். கட்டைவிரலில் பழைய கத்தரிக்கோல் தழும்பு தெரியும்படி படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அவளே அழுத்தி அனுப்பினாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையிலிருந்து அம்புகள் குறைகின்றன. மற்றவர்கள் கீழே போட்டதை, அந்தப் பக்கத்துக்குள் இருப்பவரால்தான் அழிக்க முடியும். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகப் போனது. மேசை போனது, ஜன்னல் கம்பி போனது, குழந்தையின் சட்டை போனது. லோகு அண்ணனின் காலர் போனது. மெதுவாக, இரண்டுக்கு நடுவே வெகுநேரம் விட்டு, ஒரே கையால் வேலை செய்கிறவரைப் போல.

நான்கு மணிக்கு எல்லாம் போய்விட்டன. அம்மாவின் கை மட்டும் இருக்கிறது.

அதுவும் போகும் என்று காத்திருந்தோம். இருட்டியது. பச்சைப் புள்ளி அணைந்தது. கை அப்படியே இருக்கிறது.

அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். வலது கையால் மட்டும். அம்புகள் ஒட்டிய இடது கையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.